கழுதைக்கு நாலு பாட்டு

இந்த பஸ்ஸு பள்ளிக்கூட விலக்குல நிக்கும்ல தங்கச்சி? கண்டக்டர் நிக்கும்னுதான் சொன்னாரு. இருந்தாலும் பக்கத்துல இருக்கவுககிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிட்டா மனசுக்குத் தெம்பு. மணி என்ன ஆகுது? ரெண்டே முக்காலா. நாலு மணிக்குத்தான் ஆரம்பம். அப்பச் சரி. கொஞ்சம் தள்ளி ஒக்காரு, இந்தப் பையக் காலுக்கடியில வச்சுக்கிறேன். இல்ல, வேணாம், மடியிலயே இருக்கட்டும். உள்ள முறுக்கு இருக்கு, நொறுங்கிப் போகும்.

மக நாடகத்துக்குப் போறேன். யோகஸ்ரீன்னு பேரு. பன்னெண்டு முடிஞ்சிருச்சு. லீவுல பிள்ளைகளுக்குப் பாட்டு, ஆட்டம், நாடகம்னு முகாம் போட்டுச் சொல்லிக் குடுக்காகல்ல, அதுல பத்து நாளா அங்கனயே தங்கியிருக்கா. இன்னைக்குக் கடைசி நாளு, எல்லாரு முன்னாடியும் நடிச்சுக் காட்டுவாக. முந்தாநாள் போன்ல பேசுறப்ப, நீ வர வேணாம்மா, வெயிலா இருக்குன்னு சொன்னா. அந்த வயசுல அம்மா வெயில்ல அலையக் கூடாதுன்னு நெனைக்கிற பிள்ள எத்தன இருக்கு சொல்லு. அதான் சொல்லாமக் கொள்ளாமக் கெளம்பிட்டேன். போய் நின்னா அதுக்கு எம்புட்டு சந்தோசமா இருக்கும்.

போன வருசம் எங்க ஊருலயேதான் போட்டாக இந்த முகாம. அதுல நடந்ததச் சொன்னா எம்மேல என்ன தப்புன்னு நீயே சொல்லுவ. நானும் ஒரு வருசமா யோசிக்கேன், ஒண்ணும் பிடிபடல.

எனக்குத் தீப்பெட்டி ஆபீஸ்ல வேல. பெட்டியில குச்சி அடைக்கிறது. போன மே மாசம் புது மெஷின் மாட்டுறோம்னு ஒரு மாசம் மூடிட்டாக. வீட்டுக்காரரு சிவகாசியில அச்சாபீஸ்ல இருக்காரு, ஞாயித்துக்கெழம மட்டும் வருவாரு. பதினாறு வருசமா ஓடிக்கிட்டே இருந்த கை, சும்மா இருன்னா இருக்குமா? பானையக் கழுவுவேன். கழுவுன பானைய மறுபடியும் கழுவுவேன். பரண்ல கெடந்த சாமானையெல்லாம் எறக்குனேன், எறக்குனத ஏத்துனேன். வாசல்ல போய் நிப்பேன், உள்ள வருவேன். அந்த வெயில்ல தெருவுல நாய் கூட நடமாடாது.

அப்பத்தான் மதுரையில இருந்து அமலி டீச்சர் வந்தாக. கூட ஜோதிபாசுன்னு ஒரு தம்பி, தோள்ல ஆர்மோனியப் பெட்டி. பள்ளிக்கூடத்துல பன்னெண்டு நாளு முகாம், எட்டு வயசுல இருந்து பதினாலு வயசு வரைக்கும் யாரு வேணாலும் வரலாம், கதையப் பிள்ளைகளே கட்டும், பாட்டப் பிள்ளைகளே பாடும், கடைசி நாளு ஊரு கூடிப் பாக்கலாம்னு வீடு வீடா வந்து சொன்னாக. எங்க வாசலுக்கு வந்ததும் நான் உள்ள கூப்பிட்டு மோர் குடுத்து, எம்மக நல்லாப் பாடுவா, எழுதிக்கோங்கன்னு சொன்னேன். யோகா கதவுக்குப் பின்னாடி நின்னா. அவ பாடி நான் கேட்டதில்லதான். ஆனா எம் வயித்துல பெறந்தது பாடாம எங்க போயிரும்?

நான் நல்லாப் பாடுவேன் தங்கச்சி. பெருமைக்குச் சொல்லல. தீப்பெட்டி ஆபீஸ்ல நான் எடுத்தேன்னா நாலு வரிசையும் கப்புனு அடங்கிரும். அஞ்சாப்பு படிக்கிறப்ப ஆண்டு விழாவுக்கு என்னத்தான் பாடச் சொல்லியிருந்தாக. அன்னைக்குப் பாத்து எங்க சித்தப்பா வீட்டுல ஒரு சாவு. எங்கய்யா வீட்ட விட்டு எறங்கக் கூடாதுன்னுட்டாரு. எனக்குப் பதிலா அலமேலுன்னு ஒருத்தி பாடுனா. மூக்கால பாடுனா. அத இப்ப எதுக்கு, விடு.

யோகாவுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதையாவது தட்டிக்கிட்டே இருப்பா. சோத்துத் தட்டு, தண்ணிக் கொடம், கதவு, அவ தொட. திங்கிற தட்டுல தாளம் போட்டா வீடு வெளங்குமா? கையிலயே ரெண்டு வச்சிருக்கேன். அப்ப நிறுத்துவா. திரும்புனா மறுபடியும் டக்கு டக்குனு கேக்கும்.

முகாம் தொடங்கி மூணாம் நாளு, எதுத்த வீட்டுப் பய ஒருத்தன் ரெண்டு காதையும் கையால தூக்கிப் பிடிச்சுக்கிட்டுத் தெருவுல கத்திக்கிட்டு ஓடுறான். என்னடான்னு கேட்டா, நாடகத்துல கழுதைக்குக் கல்யாணம்ங்கான். அன்னைக்குத்தான் மொதல் மொதலாச் சண்டைக்குப் போனேன். படிக்கிற பிள்ளைகளக் கழுதையாக்குறதுக்கா மதுரையில இருந்து வந்தீகன்னு கேக்கணும்னு போனேன்.

அமலி டீச்சர் கோவப்படல. ஒக்காரச் சொல்லிக் கதையச் சொன்னாக. ஒரு ஊருல மூணு வருசமா மழ இல்ல. கழுதைக்குக் கல்யாணம் பண்ணி வச்சா மழ வரும்னு பெரியாளுக முடிவு பண்ணுறாக. நம்ம பக்கம் செய்யிறதுதான. பொண்ணுக் கழுதையப் பிடிச்சுட்டு வந்து சேல சுத்தி, மஞ்சப் பூசி, மாலையப் போடுறாக. தாலி கட்டப் போற நேரம் அந்தக் கழுத வாயத் தொறந்து பாடுது.

தாலி கட்டப் போறீகளே, தாம்பூலம் மாத்துனீகளே,
கழுத எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீகளா…

திரும்பிப் பாக்காக பாரு. மெல்லத்தான பாடுனேன். அது எப்பிடியோ எடுத்தா சத்தமா வந்துருது எனக்கு.

அப்பறம் அந்தக் கழுத ஓடிப் போகுது. அது எந்த ஊருக்குப் போகுதோ அந்த ஊருல மழ கொட்டுது. கடைசியில இந்த ஊரே தேடிப் போய், ஓங்கிட்ட கேக்காம செஞ்சது தப்புன்னு அது கால்ல விழுகுது. அப்பறந்தான் இங்க மழ. இம்புட்டையும் பிள்ளைகளே கட்டுனதாம். கழுதைக்கு மட்டும் நாலு பாட்டு.

நாலு பாட்டுன்னதும் எனக்கு மனசு மாறிப் போச்சு. ஆகட்டும் டீச்சர், யாரு கழுதைன்னு கேட்டேன். சந்தனமாரின்னாக. சரி, யோகாவுக்கு என்ன வேஷம்னு கேட்டேன். மழைன்னாக. மழ நல்லாத்தான இருக்கு, நீலப் பாவாட கட்டி ஆடிக்கிட்டு வருவா போலன்னு நெனச்சேன். இல்லையாம். மேடையில ஓரமா ஒரு வேட்டியக் கட்டி மறைச்சிருக்கும், அதுக்குப் பின்னாடி ஒக்காந்து சத்தம் மட்டும் குடுக்கணுமாம். பொடைக்கிற சொளகுல கம்புத் தானியத்தப் போட்டுச் சாய்ச்சா சாரலு, பட்டாணியப் போட்டா பெருமழ, தகரத்த ஆட்டுனா இடி. அவளேதாங்க்கா கேட்டு வாங்குனா, அவ கையில தாளம் இருக்குன்னு டீச்சர் சொன்னாக. நான் நம்பல. எந்தப் பிள்ளையாவது என்னய ஒளிச்சு வைங்கன்னு கேக்குமா? பன்னெண்டு நாளு போய், ஊரு பூராவும் வந்து ஒக்காந்து, எம்மக மூஞ்சிய ஒருத்தரும் பாக்க மாட்டாக. சொளகு பொடைக்கவா அவள அனுப்புனேன்?

மொதல்ல பிள்ளைகள ஏன் கழுதையாக்குனீகன்னு சண்டைக்குப் போனேன். மறுநாளு எம்பிள்ளைய ஏன் கழுதையாக்கலன்னு போனேன். நீ சிரிக்க. அன்னைக்கு எனக்குச் சிரிப்பு வரல.

சந்தனமாரி கெழக்க காலனிப் பிள்ள. அவ அம்மா வேலுத்தாயி என்கூடத்தான் தீப்பெட்டி ஆபீஸ்ல, எனக்கு அடுத்த எடம். நான் அதெல்லாம் பாக்குற ஆளே கெடையாது. ஒண்ணா வேல செய்யுறோம், ஒண்ணாப் பேசுறோம், நான் பாடுனா அவதான் தலைய ஆட்டி ஆட்டிக் கேப்பா. அந்தப் பிள்ளையும் நல்லாத்தான் பாடும், இல்லைன்னு சொல்லல. குரலு நல்லா எட்டும். நான் என்ன சொன்னேன்னா, கொழாயடியில நின்ன ரெண்டு மூணு பேருகிட்ட, கதையில கடைசியா ஊரே கழுத கால்ல விழுகுதாமே, நம்ம பிள்ளைக எல்லாம் சந்தனமாரி கால்லயா விழப் போகுதுகன்னு கேட்டேன். உள்ளதத்தான கேட்டேன். வேற ஒரு வார்த்த சொல்லல. அதுக்கு மேல பேசுனதெல்லாம் அவுகதான்.

மறுநாளு முகாமுக்குப் பதினோரு பிள்ளைக வரல. தலைமையாசிரியரு, பள்ளிக்கூடத்துல வச்சு நடக்குது, எனக்குத் தலைவலி வேணாம், பாத்து மாத்திக் குடுத்துருங்கம்மான்னு டீச்சர்கிட்ட சொல்லியிருக்காரு. கடைசி சீன எடுத்துட்டா சந்தனமாரி இருக்கலாமான்னு டீச்சர் கேட்டதுக்கு, எதுக்கு வம்பு, பிள்ளைய மாத்துங்கன்னுட்டாராம். எனக்குப் பின்னாடிதான் தெரியும்.

அன்னைக்கு மத்தியானம் அமலி டீச்சர் எங்க வீட்டுக்கு வந்தாக. மோர் குடுத்தேன், வேணாம்னுட்டாக. நின்னுக்கிட்டேதான் பேசுனாக. நீங்க போய் நாலு பேருகிட்ட சொன்னா கேப்பாகக்கான்னாக. நான் என்ன சொல்ல முடியும், ஊரு பேசுது, ஊரு வாய மூட நான் யாருன்னேன். அப்பறம் கேட்டாக.

"யோகாகிட்ட கேட்டீங்களாக்கா?"

"அது சின்னப் பிள்ள டீச்சர். அதுகிட்ட என்ன கேக்குறது."

செருப்ப மாட்டிக்கிட்டுப் போயிட்டாக. மறுநாள்ல இருந்து எம்மகதான் கழுத. சந்தனமாரிய மழைக்கு மாத்திக்கிறேன்னு டீச்சர் சொன்னாகளாம். அந்தப் பிள்ள முகாமுக்கே வரல. வந்திருக்கலாம். நான் வேணாம்னு சொன்னேனா?

இந்த நிறுத்தம் என்ன? இன்னும் இல்லையா. ரெண்டு நிறுத்தம் இருக்கா. சரி சரி.

யோகா அதுக்கப்பறம் ரொம்ப மாறிட்டா. தட்டுல தட்டுறது இல்ல, கொடத்துல தட்டுறது இல்ல. சோறு வச்சா குனிஞ்ச தல நிமிராமத் தின்னுட்டு எந்திரிச்சுப் போவா. பாரு, ஒரு பொறுப்பு வந்தா பிள்ளைக்குத் தானா ஒழுங்கு வந்துருதுன்னு வீட்டுக்காரருகிட்டயும் சொன்னேன். அவரு, வீடு என்ன இப்பிடிக் கெடக்குன்னாரு. அவருக்கு எதுவும் புரியாது.

நாலு பாட்டையும் நானே சொல்லிக் குடுத்தேன். டீச்சர் தாள்ல எழுதிக் குடுத்ததுதான். எனக்கு ரெண்டு நாள்ல மனப்பாடம். அடுப்புல நின்னா அது, துணி தொவச்சா அது. யோகா கேட்டுக்கிட்டே இருப்பா. நீ பாடுடின்னா, வாய்க்குள்ளேயே முணுமுணுப்பா. மேடையில பாடிருவேம்மான்னு சொல்லுவா. சாம்பக் கலரு உள்பாவாடைய வெட்டி உடுப்புத் தச்சேன். அட்டைய வெட்டி, துணி ஒட்டி, இம்மாம் பெரிய காது ரெண்டு செஞ்சேன். பதினாறு வருசத்துல என் கை அம்புட்டு ஆசையா ஒரு வேலையும் செஞ்சதில்ல.

கடைசி நாளு சாயங்காலம் பள்ளிக்கூடத்து மைதானத்துல ஊரே கூடியிருச்சு. நான் மூணு மணிக்கே போய் முன்னாடி எடம் பிடிச்சிட்டேன். ஒக்காந்தா கால் நிக்க மாட்டேங்குது. எந்திரிச்சுப் போய் மேடைக்குப் பின்னாடி எட்டிப் பாத்தேன். ஜோதிபாசு தம்பி, போய் ஒக்காருங்கக்கான்னுச்சு. வந்து ஒக்காந்தேன். மறுபடியும் போனேன்.

தொடங்குச்சு. ஊரு பெரியாளுக வேஷம் போட்ட பிள்ளைக துண்டக் கட்டிக்கிட்டுப் பேசுனதுக்கு ஒரே சிரிப்பு. அப்பறம் கழுதையப் பிடிச்சுட்டு வந்தாக. சேல சுத்தி, மாலையோட, காதெல்லாம் நிமிந்து நின்னுச்சு. என் கண்ணே பட்டுரும் போல இருந்துச்சு தங்கச்சி. தம்பி பாட்டுக்கு எடுத்துக் குடுத்துச்சு. யோகா பேசாம நிக்கா. மறுபடியும் எடுத்துக் குடுத்துச்சு. நிக்கா. மூணாவது வாட்டியும் குடுத்துச்சு. நேரா என்னையே பாத்துக்கிட்டு, ஒதட்ட இறுக்க மூடிக்கிட்டு நிக்கா. பயம். பிள்ள பயந்து போச்சு.

பெத்தவ பாத்துக்கிட்டு இருக்க முடியுமா? நான் ஒக்காந்த எடத்துல இருந்தே மொத அடிய எடுத்துக் குடுத்தேன். அப்பவும் வாயத் தொறக்கல. ரெண்டாவது அடியும் பாடுனேன். அப்பறம் என்னனு தெரியல, எந்திரிச்சிட்டேன். எந்திரிச்சு நின்னு, முழுப் பாட்டையும் பாடிட்டேன். கழுத மேடையில நிக்குது, பாட்டு கீழ இருந்து வருது. கொஞ்சப் பேரு சிரிச்சாக. சிரிக்கட்டும். நான் ஒரு சுதி எறங்கல. நான் மட்டும் பாடலைன்னா நாடகம் அந்த எடத்துலயே நின்னு போயிருக்கும்.

பாடி முடிச்சதும் கை தட்டுனாக. அந்தச் சத்தத்துக்குள்ள யோகா தலையில இருந்த காதக் கழட்டுனா. மாலையக் கழட்டுனா. காதக் கையில பிடிச்சுக்கிட்டு மேடைய விட்டு எறங்கி, கூட்டத்துக்குள்ள நடந்து வாரா. நான் எங்கிட்ட வாரான்னு கையக்கூட நீட்டிட்டேன். என்னத் தாண்டிப் போனா. பள்ளிக்கூடத்துக் கேட்டு ஓரத்துல, இருட்டுற வெளிச்சத்துல, வேலுத்தாயியும் சந்தனமாரியும் நின்னுக்கிட்டு இருந்தாக. அவுக வந்ததே எனக்குத் தெரியாது. யோகா போய் அந்தக் காத நீட்டுனா. சந்தனமாரி கைய நீட்டப் போச்சு. வேலுத்தாயி மகளோட கையப் பிடிச்சு எறக்கிவிட்டுட்டு, யோகா தலைய ஒரு தடவ தடவிட்டு, பிள்ளையக் கூட்டிக்கிட்டுப் போயிட்டா. சண்ட இல்ல, பேச்சு இல்ல. நடந்து போயிட்டா.

ஊரே திரும்பிப் பாத்துக்கிட்டு இருந்துச்சு. யோகா வந்த வழியே திரும்பிப் போய், மேடையில ஏறி, வேட்டி மறைப்புக்குப் பின்னாடி போயிட்டா.

மொதல்ல சாரல் கேட்டுச்சு. கம்பு சொளகுல சரியிற சத்தம், அம்புட்டுத்தான். ஆனா நெசமா எங்கயோ தள்ளித் தூறுற மாதிரி இருந்துச்சு. அப்பறம் அது கிட்ட வந்துச்சு. தகரம் உருண்டுச்சு. பட்டாணி விழ விழ, ஓட்டு மேல மழ அடிக்கிற மாதிரி, கூர ஓரத்துல தண்ணி ஓடுற மாதிரி, காத்து சுத்திச் சுத்தி அடிக்கிற மாதிரி. மேடையில ஒரு ஆளு இல்ல. கழுதையும் இல்ல, ஊரும் இல்ல. வெறும் மழ. டீச்சர் நிறுத்தல. தம்பி பெட்டிய மூடிட்டு ஒக்காந்திருச்சு. பத்து நிமிசம் இருக்கும். எனக்குப் பக்கத்துல இருந்த பொம்பள, வெளியில காயப்போட்ட துணி நனைஞ்சிரும்னு பாதி எந்திரிச்சிட்டு, வெக்கப்பட்டு ஒக்காந்தா. ஒரு பச்சப்பிள்ள கூட அழல. அப்பறம் கொஞ்சங் கொஞ்சமா விட்டுச்சு. சொட்டு. இன்னொரு சொட்டு. நின்னுருச்சு.

கை தட்டுறதா வேணாமான்னே யாருக்கும் தெரியல. அம்புட்டுத்தான் நாடகம். எல்லாரும் எந்திரிச்சுப் போயிட்டாக. இன்னும் மூணு பாட்டு மிச்சம் இருந்துச்சு. நான் பாடியிருப்பேன். யாரும் கேக்கல.

வீட்டுக்கு நடந்து வாறப்ப, நல்லா செஞ்சடின்னு சொன்னேன், மனசாரத்தான் சொன்னேன். வீட்டு வாசல்ல வந்துதான் நின்னு சொன்னா.

"அம்மா, இனிமே நான் எங்க போனாலும் நீ வராத."

அசதியில சொன்னா. பன்னெண்டு நாளு அலைச்சல்ல, பிள்ளைக்கு. நான் மனசுல வச்சுக்கல.

தீப்பெட்டி ஆபீஸ் தொறந்ததும் வேலுத்தாயி எடத்த மாத்திக்கிட்டா. கடைசி வரிசைக்குப் போயிட்டா. அங்கதான் காத்தாடி இருக்கு, அதான் போயிருப்பா. நான் பாடுறதும் கொறஞ்சு போச்சு. புது மெஷினு சத்தம் அப்பிடி, பாடுனாலும் கேக்காது.

இந்த வருசம் அமலி டீச்சர் போன் போட்டு, நாலஞ்சு ஊருப் பிள்ளைகளச் சேத்துப் பெரிய முகாம், யோகாவும் சந்தனமாரியும் கட்டாயம் வரணும்னு கேட்டாக. அதுக ரெண்டும் இப்ப ஒண்ணாத்தான் திரியிதுக. ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. அங்க கொண்டு போய் விட்டதுகூட வேலுத்தாயிதான். யோகா அவகிட்ட போய்க் கேட்டிருக்கா, எங்களக் கொண்டு போய் விடுறீகளா அத்தைன்னு. எனக்கு அன்னைக்கு வேல. லீவு கேட்டா குடுத்திருப்பாகதான். ஆனா அவ கேக்கல.

என்ன கேட்ட தங்கச்சி? வேலுத்தாயிகிட்டயா? என்ன பேசுனேன்னா?

நான் என்னத்தப் பேச. சண்ட இருந்தாத்தான சமாதானம் பேச முடியும்.

போனேன். ஒரு தடவ போனேன். தைப் பொங்கலு கழிச்சு, சும்மா, அவ வீட்டுக்குப் போனேன். பதினாறு வருசத்துல அதுக்கு முன்னாடி போனதில்ல, அதுக்கு வேல வரல. வா செல்வின்னா. நாற்காலி எடுத்துப் போட்டா. பிள்ளைக ரெண்டும் பின்னாடி எதையோ தட்டிக்கிட்டுச் சிரிச்சுக்கிட்டு இருந்துச்சுக. என் சத்தம் கேட்டதும் அடங்கிருச்சுக. வேலுத்தாயி ஒரு செம்புல தண்ணி கொண்டாந்தா. தாகம் இல்லன்னு சொல்லிட்டேன்.

நெசமாத்தான். தாகம் இல்ல.

அவ செம்பக் கையிலயே வச்சுக்கிட்டு நின்னா. நான் ஏதோ சொல்லணும்னுதான் போனேன். அது என்னனு வாய்க்கு வரல. பாட்டுன்னா வந்துருது. பேச்சு வரல. சரி வாரேன்னு எந்திரிச்சு வந்துட்டேன். வழியெல்லாம் நாக்கு ஒட்டிக்கிச்சு. வீட்டுக்கு வந்து ரெண்டு செம்பு குடிச்சேன்.

நீ என்ன சன்னல் பக்கம் திரும்பிட்ட?

விலக்கு வந்துருச்சா. ஆமா, போர்டு தெரியுது. கண்டக்டரு என்னத்தான் கூப்புடுறாரு. இருக்கட்டும். ஐயா, நீங்க போங்க, நான் அடுத்ததுல எறங்கிக்கிறேன். இல்ல, தெரியும், தெரிஞ்சுதான் சொல்றேன். போங்க.

அடுத்த நிறுத்தம் பக்கந்தான? ஒரு நாலு கிலோமீட்டரு இருக்குமா. நடந்து வந்துருவேன். இப்பமே போனா மூணேகாலுக்குள்ள போய் நிப்பேன். அம்புட்டு வெள்ளன போனா கால் சும்மா நிக்காது எனக்கு. பின்னாடி எட்டிப் பாக்கச் சொல்லும். நடந்து போய்ச் சேர்றப்ப தொடங்கியிருக்கும், யாரும் வாசலப் பாக்க மாட்டாக. உள்ள போகப் போறதில்ல. அந்தப் பள்ளிக்கூடத்துக்குக் காம்பவுண்டு சுவரு இருக்காம், பின்பக்கம் வேப்பமரமாம். அங்கன நின்னா பாட்டும் தாளமும் நல்லாக் கேக்குமாம். டீச்சர்கிட்ட கேட்டு வச்சிருக்கேன். டீச்சர் சரிக்கான்னாக.

இந்த முறுக்க நீ வச்சுக்கோ. ஓம் பிள்ளைகளுக்குக் குடு. அட, பிடிம்மா. இதக் கையில வச்சிருந்தா உள்ள கொண்டு போய்க் குடுத்துருவோமான்னு இருக்கும்.

ஒரே ஒரு பயந்தான். பாட்டு வந்துட்டா எனக்கு வாய் தானாத் தொறந்துரும், அத என்னால பிடிக்க முடியாது. அதான் வழியெல்லாம் யோசிச்சுக்கிட்டு வந்தேன். தொடங்குனதும் முந்தானையச் சுருட்டி வாய்க்குள்ள வச்சுக் கடிச்சுக்கிட்டு, சுவத்தப் பிடிச்சுக்கிட்டு நின்னுக்கிர்றேன். முடியிற வரைக்கும் எடுக்க மாட்டேன்.